இணக்கம் வளர்க்கும் கருவிகள்

பல்கலைக்கழகம் நூல் கற்குமிடம் மட்டுமன்று. பிறரோடு கூடி வாழக் கற்குமிடமும் ஆகும். மலேசியாவில் இவ்வுண்மைக்குத் தனி அழுத்தம் உண்டு. ஏழாம் வயதில் ஒரு வீட்டுக் குழந்தை தமிழ்ப்பள்ளிக்குச் செல்கிறது. அடுத்த வீட்டுக் குழந்தை தேசியப் பள்ளிக்கும், எதிர்வீட்டுக் குழந்தை சீனப்பள்ளிக்கும் செல்கின்றன. பின்னர் இடைநிலைப்பள்ளியில் மூவரும் ஒரே வகுப்பில் அமரக்கூடும். எனினும், பள்ளி மணி அடித்ததும் அவரவர் வீடு, அவரவர் தெரு, அவரவர் மொழி. ஓர் அறையில் உறங்கி, ஓர் உணவுக்கூடத்தில் உண்டு, ஒரே பணியைக் கூட்டாகச் செய்து முடிக்க வேண்டிய நிலை பலருக்குப் பல்கலைக்கழகத்தில்தான் முதன்முதலாக ஏற்படுகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்நிலை மிக நெருக்கமாகக் காணப்படுகிறது. பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரலில் இலகு இரயில் ஏறினால் நான்காவது நிலையம் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு உரியது. கிள்ளானிலிருந்து வரும் கொமுட்டர் வண்டியும் அதே கே.எல். சென்ட்ரலைத் தொடுகிறது. அங்கிருந்து சிரம்பான் தடத்தில் தெற்கே சென்றால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம், பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம். வடக்கே கோம்பாக்கில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம். இவ்வளவு இளைஞர்கள் கூடுமிடத்தில் பிணக்கு எழுவது இயல்பே. அப்பிணக்குகள் முன்னர் விடுதித் தாழ்வாரத்தில் எழுந்து அங்கேயே அடங்கின. இன்று அவை கைப்பேசியில் எழுகின்றன. எழுந்த வேகத்தில் பரவவும் செய்கின்றன. பிணக்கைப் பரப்பும் அக்கருவியே அதைத் தீர்க்கவும் உதவுமா? எந்த அளவுக்கு உதவும்? எங்கே உதவாது? தம் மாணாக்கரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைக்கும் தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாக்கள் இவை.

பிணக்கும் பகையும்

பிணக்கு வேறு, பகை வேறு. ஒரு பொருளைப் பற்றி இருவர் மாறுபடுவது பிணக்கு. அம்மாறுபாட்டை மனிதர்மேலும், அம்மனிதர் சார்ந்த கூட்டத்தின்மேலும் ஏற்றி நிலைநிறுத்திக்கொள்வது பகை. முன்னது கல்விக்கு இன்றியமையாதது. பின்னது கல்வியைக் கெடுப்பது. பிணக்கே இல்லாத பல்கலைக்கழகத்தைச் சிந்தனை நின்றுபோன பல்கலைக்கழகம் என்றே கொள்ள வேண்டும். ஆகவே பிணக்கை அறவே ஒழிப்பது நோக்கமாகாது. பிணக்கு பகையாக முதிராமல் காப்பதே நோக்கம்.

எடுத்துக்காட்டாக ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். நான்கு மாணவர்க்கு ஒரு கூட்டுப் பணி தரப்படுகிறது. ஒருத்தி தமிழ்ப் பெண்; மற்ற மூவரில் இருவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர். தீபாவளி வாரத்தில் அப்பெண் கிள்ளானில் உள்ள தன் வீட்டுக்குச் செல்கிறாள். தன் பகுதியை ஒப்படைக்க இரண்டு நாள் தாமதமாகிறது. குழுவில் ஒருவர், ‘எல்லாருக்கும் வேலை இருக்கிறது’ என்று ஒரே வரி எழுதுகிறார். எழுதியவர் மனத்தில் இருந்தது தேர்வுக் கவலை. படித்தவளுக்கோ தன் திருநாளை இழிவுபடுத்தியதாகப் படுகிறது. அவள் அவ்வரியைப் படமெடுத்துத் தன் தமிழ்த் தோழியர் குழுவில் இடுகிறாள். அங்கே இருபது பேர் சினங்கொள்கின்றனர். இரண்டு நாள் தாமதம் என்ற சிறு பொருள் இப்போது இரண்டு இனங்களின் கௌரவம் என்ற பெரும்பொருளாக மாறிவிட்டது. பொருள் மாறிய அந்தக் கணத்தைக் கண்டுகொள்வதே பிணக்குத் தீர்க்கும் கலையின் முதற்படி.

நாளிதழே கருவியாக இருந்த காலம்

பல்கலைக்கழகத்தைச் சுற்றிய கருத்து மோதலும், அதற்கு அக்காலக் கருவி ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டதும் மலாயாத் தமிழர்க்குப் புதியவை அல்ல. மலாயாப் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தோன்றியது. அதில் இந்திய ஆய்வியலுக்குத் துறை அமைக்கும் எண்ணம் எழுந்தபோது, முதலிடம் பெற வேண்டிய மொழி தமிழா, வடமொழியா என்ற விவாதமும் உடனெழுந்தது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி தம் இதழின் வழியே தமிழுக்காக வாதாடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1956ஆம் ஆண்டு துறை அமைந்தது. தமிழ் அதில் இடம் பெற்றது. கோலாலம்பூரில் 1959ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தின் பிரிவு ஏற்பட்டு, 1962ஆம் ஆண்டு அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை வகித்த தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

அவ்விவாதத்தில் நாளிதழ் எவ்வாறு பயன்பட்டது என்பது நோக்கத்தக்கது. மறுப்பு எழுதுபவர்க்குக் குறைந்தது ஓர் இரவு இடைவெளி இருந்தது. அச்சுக்குப் போகுமுன் ஆசிரியர் ஒருவர் படித்துப் பார்த்தார். வாதத்தின் முடிவில் செய்வதற்கு ஒரு செயல் இருந்தது. அது நிதி அளித்தல். இடைவெளி, இடைநின்று பார்ப்பவர், முடிவில் ஒரு பொதுச் செயல் என்னும் மூன்றும் சினத்தை உழைப்பாக மாற்ற உதவின. இன்றைய இலக்கவியற் கருவிகளை எடைபோடவும் இம்மூன்றும் நல்ல அளவுகோல்களே.

விலக்கும் சட்டம்

1966ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழக மாணவர்கள் பேச்சு மேடை ஒன்றையும் அமைத்துக்கொண்டனர். மாணவர் எவரும் ஏறிப் பேசலாம். எதிர்க்கருத்து உடையவரும் அடுத்து ஏறலாம். அக்கால அளவில் அதுவும் ஒரு பிணக்கு மேலாண்மைக் கருவியே. 1969 மே 13 கலவரத்துக்குப் பின் நாட்டின் நோக்கு மாறியது. 1971ஆம் ஆண்டு பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் பிறந்தது. 1974ஆம் ஆண்டு இறுதியில் பாலிங் வட்டார உழவர்களின் வறுமையை முன்னிட்டு மாணவர் ஆர்ப்பாட்டங்கள் நிகழ்ந்தன. அவற்றையடுத்து 1975ஆம் ஆண்டு அச்சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. மாணவர் அரசியற் கட்சிகளைச் சேரவோ ஆதரிக்கவோ கூடாதென அது விலக்கியது.

விலக்கினால் பிணக்கு மறைவது போலத் தோன்றும். உண்மையில் அது கண்ணுக்குப் புலனாகாத இடத்துக்குச் செல்லும். 2010ஆம் ஆண்டு உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது அங்கிருந்த தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர்மேல் நடவடிக்கை தொடங்கியது. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011 அக்டோபர் 31 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பில் அவ்விலக்கு அரசமைப்புக்கு முரணானது என்றது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மாணவர் கட்சிகளில் சேர இசைந்தது. வளாகத்துக்குள் கட்சி நடவடிக்கை கூடாதென எஞ்சியிருந்த விலக்கை 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. பூசலைப் பூட்டி வைக்கும் முறை இவ்வாறு படிப்படியாகத் தளர்ந்தது. தளர்ந்த இடத்தில் எதை வைப்பது என்ற வினா எழுந்தது. அதற்குப் பல்கலைக்கழகங்கள் கண்ட விடைகளுள் ஒன்று பாடம். மற்றொன்று இயங்கலைக் கருவி.

இன உறவுப் பாடமும் இயங்கலையும்

அரசாங்கப் பல்கலைக்கழக மாணவர் அனைவரும் கற்க வேண்டிய பாடமாக ‘ஹுபுங்கான் எத்னிக்’ எனப்படும் இன உறவுப் பாடம் அமைக்கப்பட்டது. இணக்கம் வளர்க்க வந்த அப்பாடமே முதலில் பிணக்குக்கு வித்தாயிற்று. 2006ஆம் ஆண்டு ஒரு பல்கலைக்கழகத்தின் பாடநூல், 1969 கலவரத்தையும் 2001 மார்ச் மாதம் கம்போங் மேடானில் நிகழ்ந்த மோதலையும் விளக்கிய விதம் கண்டனத்துக்குள்ளானது. கம்போங் மேடான், பெட்டாலிங் ஜெயாவின் தென்புறத்து ஏழ்மைக் குடியிருப்புப் பகுதி. அம்மோதலில் ஆறு உயிர்கள் பலியாயின. பழியை ஒருபுறமே சாய்க்கும் நூலைக் கையில் கொடுத்து, அந்த இனத்து மாணவனையும் உடன் அமரவைத்து, உறவைப் பற்றிப் பாடம் நடத்துவது எங்ஙனம்? அமைச்சரவை தலையிட்டு அந்நூலை விலக்கியது. மானிடவியல் அறிஞர் ஷம்சுல் அம்ரி பஹாருடின் தலைமையில் புதிய பாடநூல் எழுதப்பட்டு 2007ஆம் ஆண்டு வெளிவந்தது.

ஷம்சுல் அம்ரியின் கருத்து சிந்திக்கத்தக்கது. மலேசியச் சமுதாயம் பூசலற்ற சமுதாயம் அன்று. பூசலைச் சொல்லளவில் நிறுத்திக்கொள்ளப் பழகிய சமுதாயம் என்பது அவர் நோக்கு. நிலைபெற்ற இழுவிசை என்று அதனை அவர் குறித்தார். வாய்ச்சண்டை நடக்கும் வரையில் கைச்சண்டை தவிர்கிறது என்பது அதன் உட்பொருள். அவர் சார்ந்த தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007ஆம் ஆண்டு இன ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது.

அப்பாடம் இயங்கலை ஏறியது 2014ஆம் ஆண்டில். ஆஸ்திரேலியாவில் தோன்றிய ‘ஓப்பன்லேர்னிங்’ தளத்தைத் தேசியத் தளமாகத் தேர்ந்து, பெருந்திரளானவர் சேரக்கூடிய திறந்தநிலைப் பாடங்கள் நான்கினை மலேசிய உயர்கல்வித் துறை தொடங்கியது. அவற்றுள் ஒன்று இன உறவுப் பாடம். அதனை ஆக்கும் பொறுப்பு பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. விரிவுரைகள் காணொளியாக அமைந்தன. மாணவர் தம் கருத்தைப் பதியவும் பிறர் கருத்துக்கு மறுமொழி கூறவும் இடம் இருந்தது. பாங்கி மாணவனும் சபா மாணவியும் ஒரே பாடத்தில் ஒன்றாகக் கலந்துகொள்ள வழி ஏற்பட்டது. பின்னர் 2019ஆம் ஆண்டு பாடத்திட்டம் மாற்றப்பட்டு, அறமும் நாகரிகமும் பற்றிய புதிய பொதுப்பாடம் அதன் இடத்தைப் பெற்றது. எனினும் அம்முயற்சி எழுப்பிய வினா மாறவில்லை. திரையில் சந்திப்பது சந்திப்பாகுமா என்பதே அது.

சந்திப்பு எப்போது பயன் தரும்?

அமெரிக்க உளவியலறிஞர் கார்டன் ஆல்போர்ட், முன்தீர்ப்பைப் பற்றி 1954ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இவ்வினாவுக்கு அடிப்படை அமைத்தார். இரு கூட்டத்தாரை வெறுமனே அருகருகே வைத்தால் வெறுப்பு குறைந்துவிடாது. நான்கு நிபந்தனைகள் வேண்டும்: இருசாராரும் ஒத்த நிலையில் இருத்தல், பொதுவான குறிக்கோள், அக்குறிக்கோளை எய்த ஒருவர் உழைப்பு மற்றவர்க்குத் தேவைப்படுதல், மேலிடத்தின் மெய்யான ஆதரவு. தாமஸ் பெட்டிகுரு, லிண்டா டிராப் என்னும் இருவர் 2006ஆம் ஆண்டு 515 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். கூட்டங்களிடையே தொடர்பு பொதுவாக முன்தீர்ப்பைக் குறைக்கிறது என்றும், இந்நிபந்தனைகள் அமைந்தால் பயன் மிகுகிறது என்றும் அவர்கள் கண்டனர்.

நிபந்தனைகளைச் செயலாக்கிக் காட்டியவர் எலியட் அரோன்சன். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இனப்பூசல் மூண்ட 1971ஆம் ஆண்டு, அவர் பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்துக் குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார். ஒவ்வொருவரும் தம் துண்டை மற்றவர்க்குக் கற்பித்தால்தான் முழுப் பாடமும் விளங்கும். ஏளனம் செய்யப்பட்ட பிள்ளையின் சொல்லைக் கேளாமல் எவரும் தேர்வில் தேற இயலாது என்ற நிலை உண்டாயிற்று. ஏளனம் தானே அடங்கியது.

இவ்வளவுகோலை இயங்கலைப் பாடத்துக்கு வைத்துப் பார்த்தால் அதன் வலிமையும் குறையும் தெரியும். எல்லாரும் ஒரே திரையில் ஒரே அளவு எழுத்தில் தோன்றுவதால் ஒத்த நிலை ஓரளவு கிட்டுகிறது. பல்கலைக்கழகமே நடத்துவதால் மேலிடத்து ஆதரவும் உண்டு. குறைவது ஒருவரை ஒருவர் சார்ந்த உழைப்பு. காணொளியைத் தனியே பார்த்து, கருத்தைத் தனியே எழுதி, மதிப்பெண்ணைத் தனியே பெறும் மாணவர் ஒருவரையொருவர் சந்தித்தவர் ஆகார். அதே தளத்தில் துண்டுப்பாட முறையைப் புகுத்தினால் நிலை வேறாகும். கம்போங் மேடான் வட்டாரத்தின் குடியிருப்பு வரலாற்றை ஒருவர், அக்காலச் செய்தித்தாள்களின் தலைப்புகளை மற்றொருவர், வேலைவாய்ப்பு நிலையை இன்னொருவர் என ஆராய்ந்து ஒரே கட்டுரையாக இணைக்கும்போது, அங்கே உரையாடல் தவிர்க்க இயலாததாகிறது.

யாயிர் அமிச்சாய்-ஹம்பர்கர், கேட்லின் மெக்கென்னா ஆகியோர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரையில் மற்றொரு வழியையும் காட்டினர். அஞ்சும் இருவர்க்கு முதலில் எழுத்துவழித் தொடர்பு. பழகியபின் ஒலியும் உருவமும். அதன்பின் நேர்ச்சந்திப்பு எனப் படிப்படியாக ஏற்றலாம் என்பது அவர்கள் கருத்து. தொலைவு இங்கே குறையாகாது. அச்சத்தைத் தணிக்கும் இடைவெளியாகிறது. ஆனால் படிகளில் ஏறாமல் முதற்படியிலேயே நின்றுவிட்டால் பயன் முழுமையாகாது.

எழுத்தில் மறையும் குரல்

முதற்படியாகிய எழுத்திலேயே ஓர் இடர் உண்டு. ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி முதலியோர் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கேலியாகவும் மெய்யாகவும் சில வாக்கியங்களை மின்னஞ்சலில் அனுப்பச் செய்தனர். தம் தொனியை நூற்றுக்கு 78 பங்கு பிறர் சரியாக உணர்வர் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தனர். சரியாக உணரப்பட்டதோ நூற்றுக்கு 56 பங்கே. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிட அது சற்றே மேல். தன் காதில் ஒலிக்கும் தன் குரல் பிறர் காதிலும் ஒலிக்கும் என மயங்குவதே இதற்குக் காரணம்.

தமிழில் இவ்விடர் இரட்டிப்பாகிறது. நேர்ப்பேச்சில் தமிழர் உறவையும் மரியாதையையும் சொல்லின் ஈற்றிலேயே வைத்துப் பேசுகின்றனர். ‘அனுப்பு’, ‘அனுப்புங்கள்’, ‘அனுப்பிவிடு அண்ணா’, ‘அனுப்பிடுங்க அக்கா’ என்பவை ஒரே வேலையைக் கேட்கும் நான்கு வேறு உறவுகள். கைப்பேசியில் விரைந்து தட்டும்போது முதலில் உதிர்வது அந்த ஈறே. மலாய் மொழியிலும் நிலை இதுவே. முன்னிலையில் ‘காவ்’ என்பதற்கும் ‘அவாக்’ என்பதற்கும் இடையே உள்ள தூரம், ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் உள்ள தூரத்தோடு ஒப்பிடத்தக்கது. மூத்த மாணவரை ‘அபாங்’, ‘காக்காக்’ என்று விளிப்பதும் அங்கே வழக்கம். தமிழ் வீட்டில் வளர்ந்த மாணவர் மலாயில் சுருக்கி எழுதும் ஒரு வரி, அவர் கருதாத மரியாதைக் குறைவாகப் படிக்கப்படலாம், மறுதலையாகவும் நிகழலாம். இனப்பூசல் என்று பெயர் பெறும் சில வழக்குகளின் வேர், ஆராய்ந்தால் இலக்கணத்தில் இருப்பதைக் காணலாம்.

புலனம் என மலேசியத் தமிழர் வழங்கும் வாட்ஸ்அப் இதனைப் பெருக்குகிறது. ஒரு குழுவில் எழுதியதைப் பிறிதொரு குழுவுக்கு நொடியில் மாற்றலாம். அங்கே முன்பின் செய்தி தெரியாது. இத்தீங்கை அந்நிறுவனமே உணர்ந்து, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் திருப்பி அனுப்ப இயலாதபடி 2018ஆம் ஆண்டு இந்தியாவிலும் 2019 ஜனவரியில் உலகெங்கும் வரம்பு கட்டியது. 2020 ஏப்ரலில், பலமுறை திருப்பி அனுப்பப்பட்ட செய்தியை ஒருவேளைக்கு ஓரிடத்துக்கே அனுப்பலாம் என்றது. அதன்பின் அத்தகைய செய்திகளின் பெயர்வு நூற்றுக்கு 70 பங்கு குறைந்ததாக அது அறிவித்தது. இதில் ஒரு பெரிய பாடம் உண்டு. எவரையும் தண்டியாமல், எதையும் தடைசெய்யாமல், வேகத்தை மட்டும் சற்றுக் குறைத்ததால் விளைந்த பயன் இது. நாளிதழ்க் காலத்தில் இயல்பாக இருந்த இரவு இடைவெளியைப் பொறியின் வழியே மீட்டதற்கு இது ஒப்பாகும்.

நான்காம் தரப்பு

பிணக்கு முற்றியபின் அதைத் தீர்க்கும் கருவிகளும் பல்கலைக்கழகத்திலிருந்தே தோன்றின. கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் 1965ஆம் ஆண்டிலேயே மாணவர் குறைகேட்பவர் பதவி ஏற்பட்டது. குறைகேட்பவர் தீர்ப்பளிப்பவர் அல்லர். இருசாரார் சொல்லையும் காத்து, வழி காட்டுபவர். இம்முறையை இணையத்துக்குக் கொண்டுவந்தவருள் முதன்மையானவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஈத்தன் காட்ஷ். ‘ஈபே’ என்னும் இணையச் சந்தையில் வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் எழுந்த ஏறத்தாழ 200 வழக்குகளை 1999ஆம் ஆண்டு சோதனையாக எடுத்துக்கொண்டு, மின்னஞ்சல் வழியே சமரசம் செய்விக்க அவர் நிலையம் முயன்றது. வழக்காடும் இருவர், இடைநிற்கும் நடுவர் ஆகிய மூவரோடு, கருவியும் நான்காம் தரப்பாக வந்து அமர்கிறது என்று காட்ஷும் ஜேனட் ரிஃப்கினும் 2001ஆம் ஆண்டு விளக்கினர்.

நான்காம் தரப்பு செய்யும் வேலை என்ன? முதலில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே, ‘நடந்தது என்ன? உமக்கு வேண்டியது என்ன? எதைக் கொடுத்தால் ஏற்பீர்?’ என்று கேட்கிறது. இழிசொல்லுக்கு அங்கே கட்டம் இல்லை. ஒருவர் விடையை நடுவர் பார்த்தபின்னரே மற்றவர்க்குக் காட்டுகிறது. காலக்கெடு வைக்கிறது, ஒப்பிய செய்திகளைக் குறித்துவைக்கிறது. மேலே கூறிய தீபாவளிப் பணி இம்முறைக்கு வந்தால், தமிழ்ப் பெண் ‘என் விடுமுறையை முன்பே அறிவித்திருந்தேன்’ என்றும், மற்றவர் ‘ஒப்படைக்கும் நாள் தவறினால் நால்வர்க்கும் மதிப்பெண் குறையும் என அஞ்சினேன்’ என்றும் எழுதக்கூடும். இருவர் கூற்றிலும் இனம் என்ற சொல்லே இராது. பொருள் மீண்டும் தன் அளவுக்குச் சுருங்கிவிடும்.

மறுமொழி இல்லாத மன்றம்

இருவர் பிணக்குக்கு இது பொருந்தும். இருநூறு பேர் இரு கட்சியாக நிற்கும்போது வேறு கருவி வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2012ஆம் ஆண்டளவில் உருவான ‘போலிஸ்’ என்பது அத்தகையது. பங்குபெறுவோர் ஒவ்வொருவரும் ஒரு சிறு கூற்றை எழுதலாம். மற்றவர் அதற்கு ஒப்பு, மறுப்பு, கருத்தில்லை என்னும் மூன்றில் ஒன்றைக் குறிக்கலாம். மறுமொழி எழுத இடமே இல்லை; ஆகவே வாய்ச்சண்டைக்கும் இடமில்லை. குறித்தவற்றைக் கணக்கிட்டு, ஒத்த மனத்தினரைத் தொகுதிகளாக அது படமிட்டுக் காட்டுகிறது. எதிரெதிர்த் தொகுதியினரும் ஒருமித்து ஒப்பிய கூற்றுகள் எவை என்பதையும் முன்னிறுத்துகிறது. தைவானில் 2015ஆம் ஆண்டு ‘ஊபர்’ வாடகை வண்டியைப் பற்றிய பூசலில் இக்கருவி பயன்பட்டு, இருசாராரும் ஏற்ற விதிகளுக்கு வழி வகுத்தது.

விடுதியில் உணவு, சமயச் சடங்குக்கு அறை, இரவு ஒலி, சங்கங்களுக்கு மண்டபம் ஒதுக்குதல் முதலிய பொருள்கள் பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் எழுபவை. அவற்றில் உரத்த குரலே பெரும்பான்மைக் குரலாகக் கேட்கும். அமைதியாக இருக்கும் பலர் இருபுறத்தும் ஒரே கருத்துடையவராக இருக்கலாம். அதனை வெளிக்கொணர்வதே இத்தகைய கருவியின் சிறப்பு.

வாக்கும் நம்பிக்கையும்

மாணவர் தேர்தலில் கருவிக்கு வேறொரு சோதனை காத்திருக்கிறது. தோற்றவர் தோல்வியை ஏற்றால்தான் தேர்தல் பூசலைத் தீர்த்ததாகும். மின்வாக்கில் எண்ணுவது கண்ணுக்குத் தெரியாததால் ஐயம் எளிதில் பிறக்கிறது. பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2009ஆம் ஆண்டு தன் தலைவரைத் தேர்ந்தபோது, பென் அடீடா ஆக்கிய ‘ஹீலியோஸ்’ முறையை மேற்கொண்டது. அதில் வாக்காளர் தம் மறைவாக்கு கணக்கில் சேர்ந்ததைத் தாமே சரிபார்க்கலாம். முழுக் கணக்கையும் எவரும் சோதிக்கலாம். எவர்க்கு வாக்களித்தார் என்பது மட்டும் வெளிப்படாது. தோழர் வற்புறுத்தலால் அளித்த வாக்கைப் பின்னர் மாற்றியும் அளிக்கலாம். இறுதி வாக்கே செல்லும். ஆயினும் விடுதியறையில் அருகில் நின்று வற்புறுத்துவோரை எப்பொறியும் முற்றிலும் தடுக்காது. அதனாலேயே அதனை ஆக்கியோர், நாட்டின் பொதுத்தேர்தலுக்கு அது உரியதன்று என்றனர். தன் எல்லையைத் தானே சொல்லும் கருவியின்மேல் நம்பிக்கை வளர்வது இயல்பு.

கருவியின் எல்லை

கருவிகளுக்குப் பொதுவான எல்லைகளும் உண்டு. முதலாவது, பதிவு. தாழ்வாரச் சண்டை காற்றோடு போகும், எழுத்து போகாது. குறையை எழுதும் மாணவர், அவ்வெழுத்தை எவர் காண்பார், எத்தனை ஆண்டு காப்பர், ஒழுங்கு நடவடிக்கைக்கு அது சான்றாகுமா என்பவற்றை முன்னரே அறிய வேண்டும். சமரசத்துக்கென எழுதியது தண்டனைக்குப் பயன்பட்டால் அடுத்த முறை எவரும் உண்மை எழுதார். விலக்கும் சட்டத்தின் காலத்தை அறிந்த நாட்டில் இவ்வச்சம் வெறும் கற்பனையன்று.

இரண்டாவது, சட்டம். மலேசியச் சாட்சியச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவு, இணைய வெளியீடு ஒன்றில் உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் எனப் பெயரோ படமோ தோன்றுபவரை அதனை வெளியிட்டவராகவே அனுமானிக்கிறது. அல்லவென்று நிறுவும் சுமை அவர்மேல் விழுகிறது. சங்கத்தின் பொருட்டுக் குழு நிர்வாகியாக இசையும் பத்தொன்பது வயது மாணவி இதனை அறிந்தே இசைதல் வேண்டும்.

மூன்றாவது, சமமின்மை. விரிவுரையாளரால் புண்பட்ட மாணவனும் அவ்விரிவுரையாளரும் ஒத்த நிலையில் இல்லை. அச்சுறுத்தலும் பாலியல் தொல்லையும் சமரசத்துக்குரிய பிணக்குகளும் அல்ல, அவை விசாரணைக்குரியவை. மலேசியாவில் 2022ஆம் ஆண்டு பாலியல் தொல்லைக்கு எதிராகத் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. அவற்றையும் படிவமாக்கி ‘இருவர்க்கும் இசைவான முடிவு’ காண முயல்வது நீதியாகாது.

ஆசிரியர் கையில் இருப்பது

பல்கலைக்கழக வாயிலில் நுழையும் மாணவர் வெறுங்கையோடு வருவதில்லை. பள்ளியில் பழகிய மொழியோடு வருகின்றனர். பள்ளிகளில் கட்டுரையும் கடிதமும் கற்பிக்கப்படுகின்றன. மறுப்பு எழுதக் கற்பிப்பது அரிது. ‘நீங்கள் கூறியதன் பொருள் இதுதானா?’ என்று முதலில் வினவுதல்; ஆளை விட்டுப் பொருளைச் சுட்டுதல்; சினம் தோன்றிய நாளில் எழுதி மறுநாள் அனுப்புதல்; ஒரு குழுவில் கண்டதை வேறொரு குழுவுக்குப் படமெடுத்து அனுப்பாதிருத்தல். இந்நான்கையும் தமிழ் வகுப்பில் பயிற்சியாகவே தரலாம். மூன்று வரிச் செய்தி ஒன்றைப் பலகையில் எழுதி, அதனை எத்தனை தொனியில் படிக்கலாம் என்று மாணவரைப் படிக்கச் சொன்னாலே போதும். எழுத்தில் குரல் மறையும் உண்மையை அவர்கள் தம் காதாலேயே கேட்பர்.

கற்பனையில் கண்ட அத்தமிழ்ப் பெண்ணின் வழக்கில் எல்லாக் கருவிகளுக்கும் முந்திய ஒரு வழியும் இருந்தது. ‘எல்லாருக்கும் வேலை இருக்கிறது’ என்ற வரியைக் கண்டதும் அவள் எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்திருக்கலாம். அல்லது விடுதி திரும்பியதும், வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கோடு நேரில் சென்று கேட்டிருக்கலாம். இலக்கவியற் கருவிகளுள் சிறந்தவை யாவும் இறுதியில் மனிதரை அந்த நேர்ச்சந்திப்புக்குக் கொண்டுவந்து விடுபவையே. அதற்குத் துணை செய்யும்வரை அவற்றைக் கைக்கொள்வதும், அதற்கு மாற்றாக நிற்கும்போது அவற்றை ஒதுக்கி வைப்பதும் அறிவுடைமையாகும்.